பம்மல் பிரஸ்ஸுக்கு வைத்த பொட்டு

பினாங்கில் எங்கள் அலுவலகத்தில் அந்த இயந்திரத்துக்கு ‘விரதக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சென்னைக்குத் தெற்கே பம்மலில் ஒரு சிறு தொழிற்சாலைக்கு நாங்கள் செய்து அனுப்பிய பிரஸ் மிஷின் அது. கார் இருக்கைக்கு அடியில் போகும் இரும்புத் தகடுகளை ஓங்கி அடித்து வளைத்துத் தரும். திங்கள் முதல் வியாழன் வரை ஒழுங்காக ஓடும். வெள்ளிக்கிழமை வந்தால் நின்று நின்று உயிரை வாங்கும். சனிக்கிழமையும் அதே கதை. சென்னையில் எங்கள் ஏஜெண்டின் ஆள் இரண்டு முறை போய்க் கேபிளை மாற்றினார், போர்டை மாற்றினார், கடைசியில் கையை விரித்துவிட்டார். “உங்கள் ஊர் மண்ணில் கால் வைத்ததும் அதற்கும் உங்கள் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நீயே போய்ப் பேசிவிட்டு வா, புவனா” என்று என் மேலாளர் லிம் மலாயில் சொல்லிச் சிரித்தார்.

உங்கள் ஊராம். நான் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஆலைப் பேருந்து ஏறிப் போய், நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சிப் ஒட்டும் வரிசையில் உட்கார்ந்தேன். மாலை வகுப்பில் படித்து, வரிசையிலிருந்து எழுந்து, இயந்திரத்தைப் பழுது பார்ப்பவளாக ஆவதற்குப் பதினோரு வருடம் பிடித்தது. தமிழ்நாட்டுக்கு அதுவரை ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறேன், அதுவும் கோயில்களுக்கு. இந்த முறை கையில் அர்ச்சனைத் தட்டு இல்லை, பதினெட்டு கிலோ கருவிப் பெட்டி இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று விமானத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை பீர்க்கன்கரணையில் ரோஸ்லின் டீச்சர் வீட்டு மாடியில் பெட்டியை இறக்கினேன். டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொருளாதாரம் நடத்துகிறார். மாடி அறைகளை என்னைப் போல வேலையாக வருகிறவர்களுக்கு விடுகிறார். ஜன்னலைத் திறந்தால் ஏரி. ஏரியைச் சுற்றி வீடுகள், வீடுகளின் தலையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்.

“அந்தக் கரையில நாலு மாடி வீடு தெரியுதா? அந்த ஃபேமிலி முன்னாடி இந்த ஏரித் தண்ணியில நெல்லு போட்டவங்க. இப்ப ஃப்ளோருக்கு நாலு போர்ஷன், எல்லாம் கம்பெனி ஆளுங்க. அறுவடை மாசா மாசம் அஞ்சாந் தேதி வந்துடுது” என்றார் டீச்சர். கிண்டலா பாராட்டா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

இரவு மீன் குழம்பு. கரண்டியை எடுக்குமுன் டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். நடுவில் எனக்காகவும் ஒரு வரி சேர்த்தார்: “இந்தச் சகோதரி வந்த காரியத்தை வாய்க்கப்பண்ணும், ஆண்டவரே.” குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப்பால் புளியை அடக்கிவிடும். இங்கே அடக்க ஆளில்லை. மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மடியில் வைக்க முடியாமல் பெட்டியைப் பக்கத்தில் வைத்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

“யக்கா, பொட்டி ஒரு ஆளு எடத்த புட்ச்சிகினு கீது. அதுக்கும் சேர்த்துக் குட்த்துடு.”

“பெட்டிக்கு எதுக்குலா டிக்கெட்?” என்றேன், எங்கள் ஊர் ‘லா’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

“லாவா? நீ எந்த ஊரு யக்கா?” என்று அவர் கேட்டதும் ஆட்டோவே திரும்பிப் பார்த்தது. பெட்டிக்கும் கொடுத்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஓர் அம்மாள் ஏறி அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவரிடமும் ஓட்டுநர் முழுக் கட்டணம் வாங்கினார். பொருளாதாரம் நடத்துகிற டீச்சரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பம்மலில் அந்தத் தொழிற்சாலை இருக்கும் சந்தில் முன்பு தோல் பதனிடும் கொட்டகைகள் இருந்தனவாம். வெயில் ஏறினால் தரையிலிருந்து அந்த வாடை இன்னும் கிளம்புகிறது. மேனேஜர் பார்த்திபன் வாசலில் நின்றார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு போன்.

“வாங்க மேடம். சார் வரலையா?”

“எந்த சார்?”

“சர்வீஸ் இன்ஜினியர் சார்.”

“நான்தான் சார் அது” என்றேன். இது எனக்குப் புதிதில்லை. பினாங்கிலும் கேட்பார்கள், அங்கே சீனத்தில் கேட்பார்கள்.

விரதக்காரி உள்ளே கடைசியில் நின்றாள். அவளை இயக்குகிறவள் பெயர் கஸ்தூரி. முப்பத்தைந்து வயது இருக்கும், நீலக் கோட்டு, பின்னலை உள்ளே செருகிய தொப்பி. ஆறு வருடமாக அதே கூரையின் கீழ் வேலை செய்கிறாள். ஆனால் கம்பெனி ஆள் இல்லை, ஏஜென்சி வழியாக வந்த காண்ட்ராக்ட் ஆள். தகட்டை அச்சில் வைக்கிறாள், கையை எடுக்கிறாள், பெடலை மிதிக்கிறாள். மேலிருந்து இரும்பு இறங்கி ‘தொம்’ என்று அடிக்கிறது. மறுபடி தகடு. அந்தத் தாளத்துக்கு அவள் உடம்பே பழகிப் போயிருந்தது.

இந்த இயந்திரத்தில் ஒரு காவல் உண்டு. அச்சுக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு கறுப்புப் பட்டைகள் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் அதைக் கர்ட்டன் என்கிறார்கள். குறுக்கே ஒரு விரல் போனாலும் கதிர் அறுந்து, இறங்கிக்கொண்டிருக்கும் இரும்பு நடு வழியில் நின்றுவிடும். கதிர் சரியாக இருந்தால் பட்டையின் மேல்பகுதியில் பச்சை விளக்கு, அறுந்தால் சிவப்பு.

அன்று முழுக்கப் பச்சைதான். இயந்திரம் நல்ல பிள்ளையாக ஓடியது. வழக்கப்படி பட்டைகளில் கதிர் வெளிவரும் கண்ணாடியைத் துடைத்தேன், துணியில் லேசாக மஞ்சள் ஒட்டியது. சாலைப் புழுதி என்று உதறிவிட்டேன். மோட்டார் மேல், சுவிட்சுப் பெட்டி மேல், எண்ணெய் டப்பா மேல் என்று திரும்பிய பக்கமெல்லாம் சந்தனம், குங்குமம். பினாங்கில் என் காருக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பார்த்ததும் மனசு குளிர்ந்து, யாரும் கவனிக்காதபோது நானும் ஒரு கும்பிடு போட்டேன். என்னைவிட முட்டாள் அன்று பம்மலில் இருந்திருக்க முடியாது.

“இன்னா மேடம், ஒரு ஃபால்ட்டும் காமிக்க மாட்டுது? உங்கள பாத்து பயந்துகினு கீது” என்றாள் கஸ்தூரி.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சந்து முனை டீக்கடையில் நின்றேன். எங்கள் ஊரில் ஆற்றித் தரும் ‘தே தாரிக்’ டீயைப் போலக் கெட்டியாக இல்லை, ஆனால் சுருக்கென்று இருந்தது. பக்கத்தில் ஒடிசாக்காரர் ஒருவர், வேறு பட்டறையின் சீருடையில், போனில் யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று போனை டீ கிளாஸில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அதன் முன்னால் விரித்துக் காட்டினார். முன்பக்கம், பின்பக்கம். பிறகு சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

“இன்னா பேசறாருன்னு கேளுங்கோ. ‘கையக் காட்டு’ன்னு பொண்டாட்டி கேக்குது. ‘பத்தும் கீது, எண்ணிக்கோ’ன்னு இவரு காட்றாரு. டெய்லி இதே பேஜார்தான்” என்றார் கடைக்காரர். அவருக்கு அந்த மொழி கொஞ்சம் பழகியிருந்தது.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்பி, முதல் நாள் மேலோட்டமாகப் பார்த்த மின்பெட்டியைத் திருகு திருகாகக் கழற்றினேன். கதவின் உட்புறத்தில், வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டுவது போல, ஒரு சாண் சிவப்பு ஒயர் மாட்டியிருந்தது. இரண்டு முனையும் உரித்து, ஈயம் பூசி, தேய்ந்து பளபளத்தன. காவலைக் குருடாக்கும் ஒயர் அது. இரண்டு இடத்தில் செருகிவிட்டால் போதும். கதிர் அறுந்தால் என்ன, விளக்கு சிவந்தால் என்ன, இரும்பு இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தனை பளபளப்பு ஒரு தடவை செருகி வருவதில்லை.

பார்த்திபனிடம் காட்டினேன். அவர் மறைக்கவில்லை.

“ப்ராக்டிகலா பேசுவோம் மேடம். ஃப்ரைடே ஆனா மிஷின் நின்னு நின்னு போகுது. லாரி வந்து வாசல்ல நிக்குது. நான் என்ன பண்றது? நின்னா செருகுவோம், சரியானா எடுத்துடுவோம். நீங்க ஃபால்ட்டக் கண்டுபிடிங்க, நான் ஏன் ஒயர் போடப் போறேன்?”

அந்த மனிதரை வில்லனாக நினைக்க முயன்றேன், முடியவில்லை. அவர் தலைக்கு மேல் ஒரு பெரிய கம்பெனி, அதன் தலைக்கு மேல் ஒரு கார் கம்பெனி. எல்லோருமே பெடல் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அச்சுக்கு அருகில் கை வைத்திருப்பது கஸ்தூரி ஒருத்திதான்.

அன்று இரவு இடியாப்பத்துக்குப் பாயா. டீச்சர் விடைத்தாள் கட்டைத் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“உற்பத்திக் காரணிகள் நாலு. நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவு. எல்லாப் பிள்ளைங்களும் கரெக்டா எழுதிடுதுங்க” என்றார்.

“பயத்த எதுல சேர்ப்பீங்க டீச்சர்? பத்து விரலை விரிச்சுப் பொண்டாட்டிக்குக் காட்டறாரே, அது உழைப்பா, மூலதனமா?”

“சிலபஸ்ல இல்ல” என்றார் சட்டென்று. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தார். “தொழிற்புரட்சி பாடத்துல ஒரு பாரா வரும் புவனா. தறி மிஷின் வந்தப்ப இங்கிலாந்துல நெசவாளிங்க சம்மட்டி எடுத்து மிஷின உடைச்சாங்கன்னு. பிள்ளைங்க சிரிப்பாங்க. அறியாமைன்னு நானும் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிடுவேன். அவங்க கோவம் மிஷின் மேல இல்ல, அது யாருக்குச் சொந்தமோ அவங்க மேலன்னு ஒரு வருஷமும் சொன்னதில்ல.”

“இங்க யாரும் உடைக்கலையே டீச்சர். பொட்டு வெச்சில்ல கும்பிடறாங்க” என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் துணியில் ஒட்டிய மஞ்சள் ஞாபகம் வந்தது. சாலைப் புழுதி எந்த ஊரில் மஞ்சளாக இருக்கிறது?

வெள்ளிக்கிழமை முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. ஐந்தரைக்குள் அங்கே இருக்க வேண்டும் என்று புறப்பட்டேன். பம்மல் மெயின் ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று பள்ளத்தில் ஒரு சக்கரத்தை விட்டுக்கொண்டு சாலையை அடைத்து நின்றது. ஷேர் ஆட்டோ அணைந்துவிட்டது. “அரை அவர் ஆவும் யக்கா, குந்திகினு இரு” என்றார் ஓட்டுநர். எனக்கு அரை நிமிடம் கூட இல்லை. பதினெட்டு கிலோ பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில் நுழைந்து நடந்தேன். ஒரு நாய் கடைசி வரை துணைக்கு வந்தது. வாசலில் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

உள்ளே விளக்கு பாதிதான் எரிந்தது. கஸ்தூரி வந்திருந்தாள். குளித்த தலை, மல்லிகை, செருப்பை ஓரமாக விட்டிருந்தாள். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவள் விரலில் சந்தனத்தைத் தொட்டு, நேராக வலது பட்டைக்குப் போனாள். விளக்குக்கு மேலே, கதிர் வெளிவரும் கண்ணாடியின் மேல் முனையிலேயே, அழுத்தி வைத்தாள். அதன் மேல் குங்குமம். பிறகு இடது பட்டை. அப்புறம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மின்சாரம் போட்டதும் இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன.

“பாருங்கோ மேடம்” என்றாள், நான் நிற்பதைப் பார்த்து. “வெள்ளிக்கிழம ஆனா கோவமா கீது. நானும் வாரா வாரம் வெச்சிகினுதான் கீறேன். கோவம் போவ மாட்டுது.”

அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து ஏன் அந்த இடத்தில் வைக்கிறாள் என்று கேட்டேன்.

“அதான் மேடம் அதோட கண்ணு. சாமிக்குக் கண்ணுக்கு மேலதான வெப்போம்? வேற எங்கனா வெச்சா அதுக்கு எப்டித் தெரியும்?”

“அவ்வளவு பக்தியா?”

“பக்தில்லாம் இல்ல மேடம். பயம்.” குரல் இறங்கியது. “மின்ன வேல செஞ்ச எடத்துல என் பக்கத்து மிஷின்ல ஒரு பொண்ணு. ரெண்டு வெரலு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. அந்த வெரல எட்த்து ஐஸ் கவர்ல போட்டது நான்தான். அந்த மிஷினுக்குக் கண்ணு இல்ல. இதுக்குக் கீதுன்னு சொன்னாங்கோ. அப்ப கேட்டுக்கணும் இல்ல? பாத்துக்கோம்மான்னு. செவப்பு எரியும், எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஒயரப் போடுவாரு, மிஷின் குருட்டாட்டம் ஓடும். அன்னிக்குதான் நான் இன்னும் கொஞ்சம் வெப்பேன்.”

பயத்தில் பொட்டு வைக்கிறாள். பொட்டு கண்ணை மறைக்கிறது. கண் மறைந்ததும் காவல் தன் கடமையைச் செய்து இயந்திரத்தை நிறுத்துகிறது. நிறுத்துவதைக் கோளாறு என்று சொல்லி ஒயர் போடுகிறார்கள். ஒயர் போட்டதும் அவள் பயம் கூடுகிறது, சந்தனமும் கூடுகிறது. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து எல்லா இயந்திரத்தின் முன்பக்கத்தையும் துடைப்பார்கள், திங்களன்று எல்லாம் சரியாகிவிடும். இத்தனை வாரமாக அத்தனை பேர் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பொட்டைப் பொட்டாகத்தான் பார்த்தார்கள். நான் கும்பிடு வேறு போட்டேன்.

துணியால் இரண்டு பட்டைகளையும் துடைத்தேன். பச்சை விளக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பார்த்திபன் பின்னால் வந்து நின்றார். என் கையிலிருந்த துணியில் மஞ்சளும் சிவப்பும் அப்பட்டமாகத் தெரிந்தன.

“இதானா? மூணு மாசமா இதுக்கா நாங்க சாவறோம்? யார் வேலை இது?”

நான் வாயைத் திறக்குமுன் கஸ்தூரி எழுந்து நின்றாள். “நான்தான் சார்.”

“முடிஞ்சுது. மேடம், ரிப்போர்ட்ல ஆபரேட்டர் மிஸ்டேக்னு போட்டுடுங்க. ஏஜென்சிக்கு ஒரு போன் போதும், திங்கக்கிழமை வேற ஆள் வந்துடும்.”

அவர் கத்தவில்லை. கெட்டுப்போன பல்பை மாற்றுவது பற்றிப் பேசும் குரல்தான். கஸ்தூரி கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

எங்கள் அறிக்கைப் படிவத்தில் காரணம் எழுதுவதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு. இயந்திரக் கோளாறு ஒன்று, இயக்குபவர் தவறு ஒன்று. முதல் கட்டத்தில் குறி போட்டால் செலவு எங்களுக்கு, இரண்டாவதில் போட்டால் அவர்களுக்கு. தொழிற்சாலை என்ற ஒன்று தோன்றிய நாளிலிருந்து இந்த இரண்டு கட்டங்களுக்குள்தான் எல்லாப் பழியும் போய் விழுகிறது. சிப் ஒட்டும் வரிசையில் இருந்தபோது இரண்டாவது கட்டத்தில் என் பெயருக்கு எதிரே ஒரு முறை குறி போட்டார்கள். தவறு ஒட்டும் கருவியின் சூட்டில் இருந்தது, அதைப் பிறகு கண்டுபிடித்தார்கள். என் பெயருக்கு எதிரே இருந்த குறியை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று அழுதேன். பம்மலில் அழவில்லை, கோபம்தான் வந்தது.

பெட்டியிலிருந்து என் சிவப்புப் பூட்டை எடுத்தேன். பழுது பார்க்கிறவர் இயந்திரத்துக்குப் பூட்டுப் போட்டால், போட்டவர் மட்டுமே திறக்கலாம். உலகம் முழுக்க அதுதான் விதி. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“என்ன மேடம் பண்றீங்க?”

“வேலை முடியல சார். முடிஞ்சதும் திறப்பேன்.”

ஒரு மணி நேரத்தில் லிம் போன் செய்துவிட்டார். பார்த்திபன் அவரைப் பிடித்திருந்தார். “புவனா, அவர்களே தங்கள் தவறு என்று ஒப்புக்கொள்கிறார்கள். இப்படி ஒரு வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்? கையெழுத்துப் போடு, சாப்பிடு, விமானம் ஏறு” என்றார். வருட இறுதியில் என் மதிப்பீட்டை எழுதுபவரும் அவர்தான். அதையும் ஞாபகப்படுத்தினார், நாசூக்காக. பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். மத்தியானம் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கஸ்தூரி தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி எலுமிச்சை சாதத்தை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். “இன்னிக்குக் கடைசி சோறு மேடம், நல்லாத் துன்னுங்கோ” என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். உதடு மட்டும் சிரித்தது.

சனிக்கிழமை காலை பார்த்திபன் மேஜையில் அறிக்கையை வைத்தேன். இரண்டு கட்டத்திலும் குறி இல்லை. கீழே இருந்த காலி இடத்தில் கையால் எழுதியிருந்தேன்:

‘காரணம், எங்கள் வடிவமைப்பு. காவல் பட்டையின் கண்ணாடியை மூடி எதுவும் இல்லாமல், இயக்குபவர் முகத்துக்கு நேரே வைத்திருக்கிறோம். இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கும் ஊர்களுக்கு விற்கும்போது இதை யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. மாற்றித் தருவது எங்கள் செலவு. காவலைச் செயலிழக்கச் செய்யும் ஒயர் ஒன்று மின்பெட்டியில் இருந்தது, அகற்றப்பட்டது.’

பார்த்திபன் இரண்டு முறை படித்தார். “உங்க கம்பெனி மேல நீங்களே எழுதறீங்க? உங்களுக்குப் பிரச்சனை வராதா?”

“வரும்.”

“ஃபர்ஸ்ட் பார்ட் ஓகே. கடைசி லைன் மட்டும் வேணாமே மேடம். கஸ்டமர் ஆடிட்ல பார்த்தா எனக்குச் சிக்கல்.”

“அந்த வரி போனா பூட்டு அங்கேயே இருக்கும் சார். ஆபரேட்டரும் அதே ஆபரேட்டர்தான். கண்ணாடியை எப்படித் துடைக்கணும்னு அவங்களுக்குத்தான் சொல்லிக் கொடுக்கப் போறேன், அதையும் கீழே எழுதியிருக்கேன்.”

அடுத்த லாரி திங்களன்று வரும், பூட்டு திறக்காமல் சரக்கு ஏறாது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கையெழுத்துப் போட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

எதிர்ப் பட்டறையில் மெல்லிய தகடு வெட்டி, கதிரை மறைக்காமல், ஆனால் கண்ணாடியில் விரல் படாதபடி, பட்டைகளுக்குத் தொப்பி போலக் கூரை அடித்தோம். பொட்டு வைப்பதற்கென்றே உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடும் செய்தோம். அதை எங்கே பொருத்துவது என்று கஸ்தூரியைக் கேட்டேன். இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதன் நெற்றியின் நடுவில், கதிர்களுக்கு எட்டாத உயரத்தில் விரலை வைத்தாள். “இங்க. இதான் கரெக்டு.” துளை போட்டு முடுக்கினேன்.

பூட்டைத் திறந்தேன். சோதிப்பதற்கென்று விரல் பருமனில் ஒரு கறுப்புக் கம்பி உண்டு. இரும்பு இறங்கும்போது கதிர்களுக்கு நடுவில் அதை நீட்டினேன். பாதி வழியில் நின்றது. நாலு முறை நீட்டினேன், நாலு முறையும் நின்றது. எனக்குத் திருப்தி. கஸ்தூரிக்கு இல்லை.

“கம்பிக்கு நின்னுச்சு மேடம். கைக்கு நிக்குமா?”

கையை வைத்துச் சோதிக்கக் கூடாது என்பது எங்கள் முதல் பாடம். அதைப் பத்து வருடமாக நானே பலருக்கு நடத்தியிருக்கிறேன். ஆனால் அவள் கேட்டது கம்பியைப் பற்றி இல்லை. பெடலை அவளை மிதிக்கச் சொன்னேன். இரும்பு இறங்கியது. அச்சுக்கு எட்டாமல், கதிர் ஓடும் இடத்துக்குள் என் வலது கையை நீட்டினேன். அரை நொடியில் அது நின்றது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அதை அவளும் பார்த்திருப்பாள்.

பிறகு அவள் முன்னால் வந்தாள். வளையல்களை மேலே ஏற்றினாள். இந்த முறை பெடலை நான் மிதித்தேன். அவள் கண்ணை மூடவில்லை, கும்பிடவில்லை. ஐந்து விரலையும் விரித்துக் கையை நீட்டினாள்.

நின்றது.

வேலை நடந்துகொண்டிருந்த மற்ற இயந்திரங்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பெருமூச்சு விட்டேன். கஸ்தூரி கையை எடுக்கவில்லை.

“சரிம்மா, பாத்தாச்சு இல்ல? எடு, டார்கெட் கிடக்குது” என்றார் பார்த்திபன் பின்னாலிருந்து.

“இருங்க சார்” என்றாள் கஸ்தூரி, திரும்பாமல். “அது நிக்குது இல்ல, நிக்கட்டும்.”

அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடமாக அவளை ஓட வைத்த அத்தனை இரும்பும், அவள் கையை எடுக்கும் வரை காத்திருந்தது.